36 டிகிரி என்றால் யாருடைய 36?

(மன்னார்குடியில் பள்ளிப் பிள்ளைகளும் விவசாயிகளும் கலந்திருந்த ஒரு கூட்டத்தில் பேசியது, கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். செய்தியில் "இன்று 36 டிகிரி" என்றால் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அந்த 36 யாருடையது என்று நாம் கேட்பதே இல்லை. வானிலை நிலையத்தில் பக்கவாட்டில் காற்று நுழைகிற மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி வைத்திருப்பார்கள், தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில்; அதற்குள் வெயில் படாமல் இருக்கிற காற்றின் 36 அது. வயலில் நிற்கிற கதிருக்கு அது 36 இல்லை, கோடியக்கரை மணலுக்கும் இல்லை, சேற்றில் குனிந்து நடவு நடுகிற அக்காவின் உடம்புக்கும் இல்லை. எதனுடைய வெப்பநிலை, எந்த நேரத்தில் என்று கேட்காமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, இதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் இயற்பியல். ஒரு பொருளின் துகள்கள் எவ்வளவு வேகமாக அலைபாய்கின்றன என்பதன் சராசரிக் கணக்குதான் வெப்பநிலை, எத்தனை துகள் இருக்கிறது என்பது அதில் சேராது. மத்தாப்புப் பொறி ஆயிரம் டிகிரியைத் தாண்டியிருந்தாலும் கையில் பட்டால் சுருக்கென்றதோடு சரி, 80 டிகிரி வெந்நீர் ஒரு அண்டா கவிழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. 1742-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஆண்டர்ஸ் செல்சியஸ் அளவுகோல் வகுத்தபோது தண்ணீர் கொதிப்பதை 0 என்றும் உறைவதை 100 என்றும் வைத்திருந்தார், பின்னால்தான் அதைத் திருப்பிப் போட்டார்கள். கெல்வின் 1848-ல் இதற்குக் கீழே போகவே முடியாது என்கிற இடத்திலிருந்து எண்ணலாம் என்றார், அந்த இடம் மைனஸ் 273.15 டிகிரி.

வெப்பநிலையை நேராக யாரும் பார்த்ததில்லை. பாதரசம் விரிவதையோ, கம்பியின் மின்தடை மாறுவதையோ, நிறத்தையோ பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். நிறம் என்றால் வெண்கலச் சிலை வார்க்கிற சுவாமிமலை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை வடித்துவிட்டு, அந்தக் குழியில் உலோகத்தை வார்க்கிறார்கள். செம்பு உருகவே 1085 டிகிரி வேண்டும். உலோகம் உருக்குகிற மூசைக்குள் கிடக்கிற குழம்பின் நிறத்தையும் மினுக்கத்தையும் பார்த்து "ஊற்றலாம்" என்று சொல்கிற ஸ்தபதியின் கண் இருக்கிறதே, அதை நான் ஒரு கருவியாகவே மதிக்கிறேன். விண்மீன் சூட்டையும் ஒளியை வைத்துத்தான் சொல்கிறார்கள். நம் நாட்டு இயற்பியலாளர் மேகநாத் சாகா 1920-ல் எந்தச் சூட்டில் எந்த அணு எலக்ட்ரானை இழக்கும் என்று சமன்பாடு எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு 1925-ல் செசிலியா பெய்ன் என்கிற வானியலாளர் விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான் என்று காட்டினார். தொட முடியாத இடத்தின் சூட்டைச் சரியாகப் படித்ததால் அது எதனால் ஆனது என்பதே தெரிந்துவிட்டது!

சரி, வயலுக்கு வருவோம், எனக்கு மனசு நிற்கிற இடம் அதுதான். ஆவணியில் குறுவை பூக்கிறபோது காலை ஒன்பது, பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரைக் கிட்டத்தில் பாருங்கள். உமி இரண்டாகப் பிளந்து, வெளிர்மஞ்சள் மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். ஒரு பூ திறந்திருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் பூவின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது, விழுந்த மகரந்தமும் முளைக்காமல் போகும், அந்த நெல்மணி பதர்தான். மத்தியானம் 38 அடித்தாலும் பூ மூடிவிட்டதால் அந்த அளவுக்குப் பாதிக்காது. ஆக அன்றைய உச்ச வெப்பநிலையை விட அந்தக் காலை ஒரு மணி நேரம்தான் முக்கியம்.

இன்னொன்று, சூடு பூவினுடையது, காற்றினுடையது இல்லை. ஆஸ்திரேலியாவில் ரிவரினா என்கிற பகுதியில் காற்று 40 டிகிரியை ஒட்டி வீசும்போதும் நெல் மணி பிடிக்கிறது, ஏனென்றால் வறண்ட காற்றில் பயிர் நீராவியை விட்டு விட்டுத் தன்னைப் பல டிகிரி குளிர்த்திக்கொள்கிறது. நம் கடலோரப் புழுக்கத்தில் அந்த வசதி குறைவு, அதே எண் இங்கே வேறு விளைச்சலைத் தரும். ராத்திரி சூட்டையும் விடாதீர்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களை வைத்து 2004-ல் ஒரு ஆய்வு வந்தது: வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடினால் மகசூல் 10 சதவீதம் குறைந்திருந்தது. பகலை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

அறுத்த பிறகும் கணக்கு முடிவதில்லை. கொள்முதல் நிலையத்தில் மழைக்குப் படுதா போட்டு மூடிவைத்த ஈரநெல் குவியலில் முழங்கைவரை கையை விட்டுப் பாருங்கள், உள்ளே கொதிக்கும். நெல்லும் அதில் படிந்த பூஞ்சையும் மூச்சுவிடுகிற சூடு வெளியேற வழியில்லாமல் தங்கிப்போவதுதான் காரணம். கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அளவு வைத்திருப்பதில் இதுவும் அடக்கம்.

கோடியக்கரைப் பக்கம் பங்குனி ஆமை முட்டையிடுகிறதே, அந்தக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டைக்குள் இருக்கும்போது மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. 30 டிகிரியை ஒட்டி ஒரு எல்லை, அதற்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சு கூடும். இப்படி ஒன்று உண்டு என்று முதலில், 1966-ல், மாதலேன் ஷார்னியே என்பவர் செனகல் நாட்டில் ஒரு ஓணானில் கண்டுபிடித்தார்.

கடைசியாக நம் உடம்பு. மேலே சுற்றுகிற மின்விசிறி இந்த அறையின் காற்றை ஒரு டிகிரிகூடக் குளிர்த்தவில்லை, நம் வியர்வையை ஆவியாக்கிக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். வியர்வை ஆவியானால்தான் உடம்பு தப்பிக்கும். அதை அளக்க வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி வைப்பார்கள். அதே 36 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரத்துணி வெப்பமானி 23-ஐ ஒட்டிக் காட்டும், 70 சதவீதம் என்றால் 31 காட்டும். அந்த ஈரத்துணி வெப்பமானியில் 35-தான் மனித உடம்பின் எல்லை என்று 2010-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்; 2022-ல் அமெரிக்காவில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, புழுக்கமான சூட்டில் லேசான வேலைக்கே 31-ஐ ஒட்டி உடம்பு திணற ஆரம்பித்துவிட்டது. நடவு நடுகிறவர்களில் அறுபது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள்.

பிள்ளைகளே, சாதாரண வெப்பமானி இரண்டு போதும். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியை நனைத்துச் சுற்றி, நிழலில் வைத்து, சில நிமிஷம் விசிறிவிட்டுப் படியுங்கள். நடவு நடக்கிற நாளில் வயலோரமே வைத்து மணிக்கு ஒருதரம் நோட்டில் எழுதுங்கள். பெரியவர்களே, அந்த ஈரத்துணி வெப்பமானி 30-ஐத் தொட்டால் வேலையை நிறுத்தி எல்லாரையும் நிழலுக்கு வரச் சொல்லுங்கள், கூலியில் பிடிக்காமல்.