கொடி மாறிய பூக்கள்: அகோனித் முதல் பிரசே வரை

வணக்கம். இப்போது திரையில் நீங்கள் காணும் கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது அகோனித் என்னும் சிறிய போர்க்கப்பல். ஸ்காட்லாந்தின் ட்ரூன் நகரில் பிரிட்டனுக்காகக் கட்டப்பட்ட இக்கப்பல், இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941இல் சுதந்திர பிரெஞ்சுக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. தாய்நாடு ஜெர்மானியரின் பிடியில் கிடந்த அந்த மாலுமிகளுக்கு, சொந்தக் கொடியை ஏற்றிப் போரிட இத்தகைய இரவல் கப்பல்களே வழி தந்தன. கப்பல்கள் கைமாறிய கதையைப் பேரங்களின் கணக்காக மட்டும் படிப்பது போதாது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

அகோனித், பிளவர் வகை கார்வெட்டுகளில், அதாவது சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகச் செல்லும் சிறு போர்க்கப்பல்களில் ஒன்று. ஸ்மித்ஸ் டாக் நிறுவனத்தின் வில்லியம் ரீட், திமிங்கல வேட்டைக் கப்பல் ஒன்றின் அமைப்பிலிருந்து இதனை உருவாக்கினார். பெரிய போர்க்கப்பல்களைக் கட்டும் வசதியற்ற சிறிய தளங்களிலும் இதைக் கட்ட முடிந்தது. ஏறத்தாழ 62 மீட்டர் நீளமும், நீராவி எந்திரத்தால் இயங்கும் ஒரே உந்துசுழலியும், மணிக்கு 16 கடல் மைல் வேகமும் கொண்ட இக்கப்பலை, நீர்மட்டத்தில் ஓடும் ஜெர்மன் நீர்மூழ்கியே முந்திவிடும். அட்லாண்டிக் அலைகளில் இது ஓயாமல் உருண்டு புரண்டதால், உள்ளே இருந்தவர்கள் நனையாமல் உறங்கிய நாட்கள் அரிது. இவற்றுக்கெல்லாம் பூக்கள், செடிகளின் பெயர்களைச் சூட்டினார்கள். அகோனித் என்பது நம் சித்த மருத்துவம் நாபி என்று அறிந்திருக்கும் நச்சுச் செடியின் இனம். அப்பெயர் இக்கப்பலுக்கு எத்தனை பொருத்தமானது என்பதைக் கேளுங்கள்.

1943 மார்ச் மாதம், எச்எக்ஸ் 228 என்னும் சரக்குக் கப்பல் தொடரணி பிரிட்டனை நோக்கி அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்தது. அதன் காவலில் இருந்த பிரிட்டனின் ஹார்வெஸ்டர் என்னும் நாசகாரிக் கப்பல் யூ-444 நீர்மூழ்கியை மோதியது. மோதலில் ஹார்வெஸ்டரும் பலத்த சேதமடைந்தது. தப்ப முயன்ற நீர்மூழ்கியை அகோனித் வந்து மோதி மூழ்கடித்தது. விடிந்த பின்னர் எந்திரங்கள் ஓய்ந்து அசையாமல் நின்ற ஹார்வெஸ்டரை, யூ-432 என்னும் மற்றொரு நீர்மூழ்கி டார்பிடோக்கள் என்னும் நீரடி ஏவுகுண்டுகளால் தாக்கியது. தொலைவில் எழுந்த புகையைக் கண்டு திரும்பிய அகோனித், ஒலி அலைகளால் நீர்மூழ்கியைத் தேடும் ஆஸ்டிக் கருவியின் துணையோடு அதைக் கண்டறிந்து, ஆழ்வெடிகுண்டுகளை வீசி மேலே வரச் செய்து, பீரங்கியால் சுட்டு, மோதியும் மூழ்கடித்தது. பின்னர் ஹார்வெஸ்டரில் எஞ்சியிருந்தவர்களையும், தன்னால் மூழ்கடிக்கப்பட்ட நீர்மூழ்கிகளில் உயிர் தப்பியவர்களையும் நீரிலிருந்து மீட்டது. அந்த ஒரு நாளின் நிகழ்வுகளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

எல்லாக் கப்பல்களுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. மிமோசா என்னும் மற்றொரு பிரெஞ்சு கார்வெட், 1942 ஜூன் 9 அன்று யூ-124இன் டார்பிடோவுக்கு இரையானபோது பிழைத்தவர்கள் நால்வர் மட்டுமே. இறந்தவர்களில் பலர், வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத் தீவான நியூபவுண்ட்லாந்தை அடுத்துள்ள சென் பியர், மிக்கலோன் என்னும் சின்னஞ்சிறு பிரெஞ்சுத் தீவுகளின் இளைஞர்கள். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த தீவுகளில் அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கைமாற்றம் இரு திசைகளிலும் நடந்தது. 1942இல் அமெரிக்கா தன் கிழக்குக் கரையோரம் நீர்மூழ்கிகளிடம் கப்பல்களை இழந்து தவித்தபோது, பிரிட்டன் தன் பிளவர் கார்வெட்டுகளில் பத்தை அதற்கு அளித்தது. வெரோனிகா என்ற பூ அங்கே டெம்ப்ட்ரஸ் ஆனது. அடுத்த ஆண்டிலிருந்து அமெரிக்கத் தளங்களில் கட்டப்பட்ட 78 காவல் கப்பல்கள் நேச நாடுகளுக்குப் போர்த் தளவாடங்களை வழங்க அமெரிக்கா இயற்றிய கடன்-குத்தகைச் சட்டத்தின்கீழ் பிரிட்டனுக்கு வந்து, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் காலத்துக் கப்பல் தலைவர்களின் பெயர்களைப் பெற்றன. அவற்றில் நான்கு, 1944 பிப்ரவரி இறுதியில் யூ-358ஐ விடாமல் துரத்தத் தொடங்கின. ஏறத்தாழ 38 மணி நேரம் நீடித்த அந்த வேட்டையின் முடிவில் நீர்மூழ்கி அந்நான்கில் கூல்ட் என்னும் கப்பலை மூழ்கடிக்க, அப்லெக் என்னும் மற்றொரு கப்பல் அந்த நீர்மூழ்கியை அழித்தது.

நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. பெட்டனி என்னும் பிளவர் கார்வெட் 1945இல் அரச இந்தியக் கடற்படைக்கு வந்து சிந்து என்ற பெயரில் ஓடியது. போருக்குப் பின் தாய்லாந்துக்கு விற்கப்பட்டு பிரசே ஆனது. கொரியப் போரின்போது, 1951 ஜனவரியில், கொரியாவின் கிழக்குக் கரையில் பனிப்புயலில் சிக்கிக் கரைதட்டியது. மீட்க இயலாத நிலையில் அதைச் சுட்டு அழிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு தாய்லாந்துக்கு வந்த கேலப் என்னும் அமெரிக்கக் காவல் கப்பலுக்கு, மறைந்த கப்பலின் பெயரையே மீண்டும் சூட்டினார்கள். 1945இல் அலாஸ்காவின் கோல்ட் பே துறையில் சோவியத் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டு, 1949இல் திருப்பித் தரப்பட்ட கப்பல் அது. மூன்று நாடுகளின் கொடிகளைத் தாங்கிய அந்த இரண்டாம் பிரசே, தாய்லாந்தின் ராயோங் மாநிலத்தில், பிரசே ஆற்றின் முகத்துவாரத்தருகே இன்றும் நினைவுச் சின்னமாகக் கரையில் நிற்கிறது.