வெறுங்கையோடு கடலில் இறங்காதீர்கள்

(கடற்கரை உயிர்காப்புத் தொண்டர் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, சங்கத்தின் செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த பயிற்றுநர்களே, இன்று சான்றிதழ் பெறக் காத்திருக்கும் இளைஞர்களே, பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த பெற்றோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் பேசிய மருத்துவர் அவர்கள் முதலுதவி பற்றி மிகத் தெளிவாகச் சொன்னார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். தொண்டருக்கு வேண்டிய பயிற்சி, கரையில் நின்று கடலைப் பார்க்கும் முறை, சங்கத்தை நடத்தும் நிதியும் நிர்வாகமும். மூன்றுக்கும் பொதுவாக நம் பெரியவர்கள் ஒரு பழமொழியை விட்டுச் சென்றிருக்கிறார்கள்: ஆழம் அறியாமல் காலை விடாதே.

முதலில் பயிற்சி. ஆஸ்திரேலியாவின் கடற்கரைச் சங்கங்களில் வெண்கலப் பதக்கம் என்று ஒரு தகுதி இருக்கிறது. 1910 முதல் வழங்கி வருகிறார்கள். நீச்சல் குளத்தில் 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். பிறகு கடற்கரையில் 200 மீட்டர் ஓட்டம், கடலில் 200 மீட்டர் நீச்சல், கரையேறி மறுபடியும் 200 மீட்டர் ஓட்டம், எல்லாம் 8 நிமிடத்துக்குள். நீந்தி முடித்தவனை எதற்கு ஓடச் சொல்கிறார்கள் என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. மீட்பு கரையோடு முடிவதில்லை, ஐயா! நினைவிழந்த ஒருவரை இழுத்து வந்து மணலில் கிடத்திய பிறகுதான் பாதி வேலை தொடங்குகிறது. மூச்சு வாங்கிக்கொண்டே மார்பை 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சு ஊத வேண்டும். நீரில் மூழ்கியவரின் உடலுக்கு இல்லாமல் போனது காற்று. ஆகவே மார்பை அழுத்தினால் மட்டும் போதாது, மூச்சும் கொடுத்தாக வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் நேரத்தைத் தின்னும். வயிற்றில் இருப்பதை மூச்சுக்குழலுக்கும் அனுப்பிவிடும். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

இந்த இடத்தில் ஒரு வரலாற்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1938, பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. சிட்னி நகரத்தின் பாண்டை கடற்கரை. வெயில் நாள், ஆயிரக்கணக்கில் கூட்டம். கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்குள் ஒரு மணல்திட்டு. இடுப்பளவு நீர்தான் என்ற நம்பிக்கையில் நூற்றுக்கணக்கானோர் அதன் மேல் நின்று அலையில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று பேரலைகள், ஒன்றன் பின் ஒன்றாக, இடைவெளியே இல்லாமல் வருகின்றன. வந்த நீர் அத்தனையும் ஒரே மூச்சில் பின்வாங்குகிறது. திட்டில் நின்றவர்களின் காலடியில் தரை இல்லை! ஏறக்குறைய 250 பேர் ஆழத்துக்கு இழுக்கப்படுகிறார்கள். என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்?

அன்று அங்கே தொண்டர்கள் பலர் திரண்டிருந்தார்கள். ஒருவரும் கூலிக்கு வந்தவர் அல்ல. இடுப்பில் பட்டை, பட்டையில் கயிறு, கயிற்றின் மறுமுனை கரையில் இருக்கும் உருளையில். கயிற்றோடு பாய்ந்தார்கள். பலகையோடு பாய்ந்தார்கள். தத்தளித்தவர்கள் அந்தக் கயிற்றையே கொத்துக் கொத்தாகப் பற்றிக்கொண்டு தொங்க, மீட்பவர்களும் நீருக்குள் இழுக்கப்பட்டார்கள். விடவில்லை. பிடித்து, விலக்கி, மிதக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். கரையில் வரிசையாகக் கிடத்தி உயிரூட்டினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மற்ற அத்தனை பேரும் வீட்டுக்குப் போனார்கள். ஆஸ்திரேலியர்கள் அந்த நாளை இன்றும் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். (இங்கே அரங்கம் எழுந்து கைதட்டியது. அந்தத் தொண்டர்களுக்கு அது தகும்.)

இனி கடலைப் பார்க்கும் முறை. மூழ்குபவர் கையை ஆட்டிக் கூச்சலிடுவார் என்று நினைக்காதீர்கள். வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் நொடியில் மூச்சு வாங்கத்தான் நேரம் இருக்கும், கத்த இருக்காது. உடல் செங்குத்தாக நிற்கும், தலை பின்னால் சாயும், நெற்றி முடி கண்ணை மறைத்தாலும் கை அதை ஒதுக்காது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் விளையாடுவதாகவே தோன்றும்.

கடலுக்கும் அப்படி ஒரு முகம் உண்டு. இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக, சற்றே கருத்துத் தெரியும். குழந்தையைக் குளிப்பாட்ட ஏற்ற இடம் என்று அங்கேதான் தாய் அழைத்துப் போவார். அதுதான் கடலை நோக்கி ஓடும் இழுவை நீரோட்டம். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் அடித்து வலுவிழக்கக் கூடாது. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்றார்கள். இழுப்பு அறியாமலும் விடாதே என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

பாண்டையில் தொண்டர்கள் வெறுங்கையோடு பாயவில்லை என்பதை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். நம் பயிற்சியிலும் அதுவே விதி. மீட்பு மிதவை இல்லாமல் இறங்கக் கூடாது. அருகில் போனதும் கைக்கெட்டாத தொலைவில் நின்று, மிதவையை அவர் பக்கம் தள்ளி, 'இதைப் பிடியுங்கள்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். பயிற்சி பெற்றவருக்கே இந்த விதி என்றால், கரையில் நிற்கும் அண்ணனுக்கும் அப்பாவுக்கும்? பிள்ளை தத்தளிப்பதைப் பார்த்ததும் பாய்ந்துவிடுகிறார்கள். பிள்ளை ஒருவழியாகக் கரையேற, பாய்ந்தவர் போய்விட்ட செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்! அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் எறிய ஒன்றும் இல்லாமல் கடற்கரையை வைத்திருக்கிறோமே, அதைத்தான் குறை சொல்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். மக்கள் இறங்கும் ஒவ்வொரு கடற்கரையிலும் கம்பம் நட்டு, அதில் கயிறு கட்டிய மிதவை வளையம் தொங்க வேண்டும். பூட்டுப் போடக் கூடாது. அதை எறியும் முறையைப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் கற்றுத்தர வேண்டும். நீச்சல் தெரியாத பாட்டி கூட கரையில் நின்று ஓர் உயிரைக் காக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். கம்பமும் வளையமும் பெரிய செலவா?

நிதி, நிர்வாகம் பற்றிப் பேச இப்போது நேரமில்லை. பொருளாளர் அவர்களின் அறிக்கை உங்கள் கையில் இருக்கிறது. தலைவர் அவர்கள் கூடுதலாக நேரம் தந்ததற்கு நன்றி. அடுத்து நம் பயிற்சியாளர்கள் மிதவை எறிந்து காட்டப் போகிறார்கள். வளையக் கம்பங்களுக்கான மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், பிறகு வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு முறை நீங்களும் எறிந்து பாருங்கள். வணக்கம்.