கொடுத்தது அப்பாவா, பிள்ளையா?

தலைமையாசிரியர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, வணக்கம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழக்கத்தை நாம் எப்படிக் கற்றுத்தருகிறோம் என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் தேதி கொடிநாள். நம் பள்ளிகள் பலவற்றில் அது எப்படி நடக்கிறது? வகுப்பாசிரியர் கையில் ஒரு கட்டுக் கொடி வரும். "நாளைக்கு எல்லாரும் காசு கொண்டு வாங்க" என்பார். பிள்ளை வீட்டில் கேட்கும், அப்பா கொடுப்பார், மறுநாள் சட்டையில் கொடி. கட்டு தீர்ந்தால் வேலை முடிந்தது. முன்னாள் படைவீரர்களுக்கும், போரில் உயிர்விட்டவர்களின் குடும்பங்களுக்கும் அந்தக் காசு போகிறது என்பதை யாராவது சொன்னோமா? பிள்ளை பார்த்தது தபால்காரர் வேலை. கொடுத்தவர் அப்பா.

என்.எஸ்.எஸ். முகாமில் இப்படி இல்லை. காந்தி நூற்றாண்டான 1969-இல் கல்லூரிகளில் தொடங்கிய இந்த நாட்டு நலப்பணித் திட்டம் பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. காலாண்டு விடுமுறையில் ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்கல். பதினொன்றாம் வகுப்புப் பையன் அரிவாள் எடுத்துச் சீமைக் கருவேலத்தை வெட்டுவான். முள் கிழிக்கும், உள்ளங்கை கொப்பளிக்கும். வாய்க்கால் கரையில் நிற்கும் பெரியவர், "வேரோட எடு தம்பி, இல்லேன்னா அடுத்த மழைக்குத் துளிர்த்துடும்" என்பார். உதவ வந்தவனுக்கே அங்கே பாடம் நடக்கிறது. கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே என்ற எண்ணம் அந்த இடத்தில் உடைகிறது.

அதனால்தான் இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய், பிஸ்கட் பாக்கெட்டை நீட்டச் சொல்லிப் படம் எடுக்கிறோமே, அதை நிறுத்துங்கள். வாங்கும் பிள்ளைக்கும் நம் பிள்ளை வயதுதான். அந்தப் படத்தில் நிற்க அதற்கு எவ்வளவு கூசும்!

நம் ஊர்கள் கௌரவமாகக் கொடுத்த கதை இருக்கிறது. காமராசர் காலத்தில் 1956-இல் மதிய உணவு தொடங்கியது ஊர்க்காரர்களின் நன்கொடையில்தான். மறு ஆண்டு அரசு கைகொடுத்தது. அப்போதும் நூற்றுக்கு 60 பங்கு அரசு, 40 பங்கு ஊர். நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று ஊரே கொண்டுவந்து கொடுத்தது. அந்தச் சோற்றைத் தின்று படித்தவர்கள் யாரும் அதைப் பிச்சை என்று சொல்லவில்லை.

இன்றும் முன்னாள் மாணவர்கள் நம் பள்ளிகளுக்குக் கொடுக்கிறார்கள். விழா நடக்கிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், அவ்வளவுதான். அப்படி வேண்டாம். பள்ளிக்கு எது அவசரம், கழிவறைக் கதவா, குடிநீர்க் குழாயா என்று எட்டாம் வகுப்பே பேசி முடிவு செய்யட்டும். பணம் வந்ததும் கடைக்காரரிடம் விலை கேட்க இரண்டு பிள்ளைகள் கூடப் போகட்டும். அப்புறம் வரவு செலவை அவர்களே எழுதி, காலை வணக்கக் கூட்டத்தில் வாசிக்கட்டும். இந்தப் பருவத்திலேயே ஒரு வகுப்பில் தொடங்கிப் பாருங்கள்.