கோரிக்கை மனு மட்டும் போதாது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தத் திருவல்லிக்கேணி அரங்கு நிறைய வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஆசிரியர் சங்கத்துக்கு அரசியல் தேவையா?' என்பது தலைப்பு. தேவைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய ஐயா இரண்டு விஷயம் சொன்னார். எந்தக் கட்சி வந்தாலும் நம் பாடு ஒன்றுதான் என்றார். ஆசிரியர் அரசியல் பக்கம் போனால் பெற்றோருக்கு நம் மேல் நம்பிக்கை போய்விடும் என்றார். அவர் அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் நம் சம்பளப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது.

இடைநிலை ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 மே 31 வரை வேலையில் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் ஜூன் 1-ல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். அதே படிப்பு, அதே வகுப்பு, ஓய்வறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. 3,170 ரூபாய் குறைவு. இந்தப் பிரிவுக் கோடு போட்டது யார்? தலைமையாசிரியரா, வட்டாரக் கல்வி அலுவலரா? அரசாணை போட்டது. அதை மாற்றும் பேனாவும் கோட்டையில்தான் இருக்கிறது. 2021 தேர்தலில் திமுக அறிக்கையில் 311-ஆவது வாக்குறுதியாக இது ஏறியது. நிறைவேறவில்லை என்றதும் 2022 டிசம்பர் கடைசியில் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை வளாகத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். கையில் இருந்த பதாகையில் என்ன எழுதியிருந்தது? 311. குழு அமைப்பதாக முதலமைச்சர் அறிவித்த பிறகுதான் எழுந்தார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களே, எங்கே என்று கேட்க அந்த எண்தான் பிடி கொடுத்தது. தேர்தல் இல்லாவிட்டால் அந்தப் பிடி நமக்கு எங்கே கிடைத்திருக்கும்?

ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். அந்த வளாகத்துக்கு இப்போது க. அன்பழகன் பெயர். பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், 1957-ல் எழும்பூரில் நின்று வென்றவர், பின்னாளில் கல்வி அமைச்சர். அரசியல் வேண்டாம் என்று அவர் வகுப்பறையோடு நின்றிருந்தால் அந்தப் பெயர்ப் பலகை அங்கே இருக்காது.

சரி, எந்த ஆட்சி வந்தாலும் ஒன்றுதான் என்ற வாதத்துக்கு வருகிறேன். 2003 ஜூலையை இந்த அரங்கில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் என்று சுமார் 1,70,000 பேருக்கு ஒரே மூச்சில் வேலை போனது. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய உங்களுக்கு உரிமையே இல்லை என்று சொல்லிவிட்டது. களம் மூடிவிட்டது, நீதிமன்றமும் கைவிட்டது. மிச்சம் இருந்தது என்ன? 2004 மே மாதத் தேர்தல். ஆளுங்கட்சியான அதிமுகவுக்குத் தமிழ்நாட்டின் 39 தொகுதியில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதே மே மாதத்தில், ஊழியர், ஆசிரியர் மீதான நடவடிக்கைகளைக் கைவிடுவதாக அறிவிப்பு வந்தது. அந்தத் தோல்விக்கு நாம் மட்டும் காரணமில்லை. கூட்டணி பலமும் விவசாயிகளின் கோபமும் சேர்ந்திருந்தன. ஆனாலும் நீதிமன்றத்தில் கிடைக்காதது வாக்குச் சாவடியில் கிடைத்தது என்பதை யார் மறுக்க முடியும்?

இன்னொன்று. உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பு. ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. இருபது வருடம் பாடம் நடத்தியவர் தூக்கம் தொலைத்தார். நீதிபதிகள் அதைச் சொந்தமாக எழுதவில்லை, கல்வி உரிமைச் சட்டத்தைப் படித்துச் சொன்னார்கள். சட்டத்தை எழுதியது நாடாளுமன்றம். அதைத் திருத்தும் அதிகாரமும் அங்கேதான். அங்கே போகிற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு அவர் வீட்டு வாசலில் மனுவோடு நின்றால் அவர் எதற்காக நமக்குக் காது கொடுக்க வேண்டும்?

மேலவை இருந்த காலத்தில் நமக்கென்று தனித் தொகுதி இருந்தது. அரசியல் சட்டத்தின் 171-ஆவது பிரிவுப்படி பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பது. கர்நாடகத்தில் இன்றும் இருக்கிறது. நமக்கு 1986-ல் மேலவையே போய்விட்டது. ஆக, மீதி இருப்பது எல்லோருக்கும் உள்ள அந்த ஒரு வாக்குதான்.

அந்த ஒரு வாக்கை நாம் என்ன செய்கிறோம்? நடுவர் அவர்களே, என் மனதை அறுப்பது இதுதான். தேர்தலை நடத்துவதே நாம். முதல் நாள் மாலை இயந்திரத்தோடு சாவடிக்குப் போய், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு இரண்டை ஒட்டிப் போட்டு, கொசுவர்த்தி கொளுத்திவைத்துப் படுக்கிறோம். விடியற்காலை ஐந்தரைக்கு முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு. ஏழு மணியிலிருந்து அடுத்தவர் விரலில் மை. இரவு பதிவான வாக்குக் கணக்கை 17சி படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி, பெட்டியை ஒப்படைத்து வீடு வரும்போது பால்காரர் வந்துவிடுவார். ஊருக்கெல்லாம் வாக்குரிமையை நடத்திக் கொடுக்கிற நம் வாக்கு, பல பேருக்கு, தபால் உறையோடு செல்லாமல் போகிறது.

ஏன் போகிறது? 13ஏ உறுதிமொழிப் படிவம். அதில் நம் கையெழுத்து வேண்டும், அதிகாரியின் சான்றொப்பம் வேண்டும். வாக்குச் சீட்டு மட்டும் 13பி சிறிய உறைக்குள். அந்த உறையும் 13ஏ படிவமும் சேர்ந்து 13சி பெரிய உறைக்குள். படிவத்தைத் தவறிப்போய்ச் சிறிய உறைக்குள் வைத்துவிட்டால், உறையைப் பிரிக்காமலேயே தள்ளிவிடுவார்கள். 2016-ல் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 வாக்கு. அங்கே 203 தபால் வாக்குகள் தள்ளப்பட்டன. காரணம், சான்றொப்பமிட்ட நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் இல்லை என்பது! வழக்கு நடந்து 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஒரு தொகுதியின் தலையெழுத்தே தலைமையாசிரியர் போட்ட கையெழுத்தில் தொங்கியது ஐயா. நம் வாக்குக்கு மதிப்பில்லை என்று இனியும் சொல்வீர்களா? அவ்வளவு தூரம் எதற்கு, 2021-ல் இதோ பக்கத்தில் தியாகராய நகரில் வித்தியாசம் 137. மூன்று நான்கு மேல்நிலைப் பள்ளிகளின் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் இருக்கிற பெயர்கள் அவ்வளவுதான். அந்தத் தேர்தலில் சென்னை மாவட்டம் 60 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

நடத்தை விதி தடுக்கிறதே என்று அடுத்து வருபவர் கேட்பார். அரசுப் பள்ளி ஆசிரியர் கட்சியில் சேரக் கூடாது, ஓட்டுக் கேட்டுப் போகக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன், அந்த எல்லை இருக்கட்டும். வகுப்பறையில் கட்சி பேசுவதும் தப்புதான். அதை எங்கள் அணி ஒருபோதும் கேட்கவில்லை. ஆனால் வாக்களிக்காதே என்று எந்த விதி சொல்கிறது? தேர்தல் அறிக்கை தயாரிக்கும் ஒவ்வொரு கட்சியின் குழுவையும் சங்கம் பார்த்துக் கோரிக்கை கொடுப்பதை எந்த விதி தடுக்கிறது? எழுதிக் கொடுத்ததை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது எடுத்து நீட்டினால் போதும், ஆள்கிற கட்சி எதுவானாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பெற்றோர் நம்பிக்கை போகாது. காலியிடத்துக்கு ஆசிரியர் கேட்பதும் கழிப்பறை கேட்பதும் அவர்கள் பிள்ளைக்காகத்தான்.

மணி அடித்துவிட்டார் நடுவர், முடித்துக்கொள்கிறேன். இந்த அரங்கில் இருப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். இப்போது தேர்தல் பயிற்சி வகுப்பு நடக்கும் இடத்திலேயே, நாம் தபால் வாக்குப் போட வாக்காளர் வசதி மையம் வைக்கிறார்கள். தபால் வாக்குக் கேட்கும் படிவம் 12-ஐ முதல் வகுப்பிலேயே எழுதிக் கொடுங்கள். மையத்துக்குப் போனால் 13ஏ-யில் சான்றொப்பம் விழுந்ததா என்று உங்கள் கண்ணால் பார்த்து, பக்கத்தில் இருக்கும் இளைய ஆசிரியருக்கும் காட்டிக்கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். நன்றி, வணக்கம்.