லீட் கிட்டார் வர வேண்டுமா? பாதி நேரம் வாசிக்காதீர்கள்!

(ப்ளூஸ் பேக்கிங் டிராக் ஓடுகிறது. நான்கு பார், பாருக்கு நான்கு பீட், இடைவெளியே விடாமல் கிட்டார்.)

இதில் தப்பான நோட் ஒன்றுகூட இல்லை. ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து நோட்டு ஸ்கேல், ஐந்தாவது ஃப்ரெட், டைமிங்கும் சுத்தம். ஆனாலும் அதற்குள்ளேயே அலுப்பு தட்டிவிட்டது, சரிதானே? இப்போது இதைக் கேளுங்கள்.

(அதே டிராக். இரண்டு பார் கிட்டார். இரண்டு பார் மௌனம். மறுபடி இரண்டு பார் கிட்டார்.)

அதே ஐந்து நோட்டுகள்தான். ஆனால் அந்த மௌனத்தில் 'அடுத்து என்ன வரும்' என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தீர்கள். இரண்டாவது தடவை நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று: ஒரு கேள்வி கேட்டேன், நிறுத்தினேன், பதில் சொன்னேன்.

வணக்கம். ஸ்கேல் எல்லாம் மனப்பாடம், ஆனால் 'ஒரு சோலோ போடுப்பா' என்று யாராவது சொன்னால் விரல் அந்த ஸ்கேலிலேயே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பவர்களுக்கான வீடியோ இது. இன்றைய விஷயம் கால் அண்ட் ரெஸ்பான்ஸ், அதாவது கேள்வி-பதில் வாசிப்பு.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு அமெரிக்காவுக்கு வந்த பழக்கம் இது. வயலில் வேலை செய்யும்போது ஒருவர் முன்பாட்டு பாட மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள், சர்ச்சில் போதகர் ஒரு வரி சொல்ல சபை பதில் கொடுத்தது, அது ப்ளூஸில் கலந்தது, ப்ளூஸிலிருந்து ஜாஸுக்கும் ராக்குக்கும் போனது. நம் ஊர் எசப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சரி, ப்ளூஸ் பாடகரும் கிட்டாரிஸ்டுமான பி.பி. கிங்கிடம் வருவோம்.

1925-ல் மிசிசிப்பியில் பிறந்து 2015-ல் மறைந்தவர். பாடிக்கொண்டே வாசிப்பது தனக்கு வராது என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதனால் ஒரு வரி பாடுவார், வாயை மூடுவார், கிட்டார் பதில் சொல்லும். அந்த கிட்டாருக்குப் பெயர் லூசில். பெயர் வந்த கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1949-ன் குளிர்காலம், ஆர்கன்சாஸில் ட்விஸ்ட் என்ற சின்ன ஊர், ஒரு நடனக்கூடம். குளிருக்காக நடுவில் ஒரு பீப்பாயில் மண்ணெண்ணெய் எரிகிறது. இரண்டு பேர் சண்டை போட்டு அதன்மேல் விழுகிறார்கள், தீ பிடித்துவிடுகிறது. எல்லோரோடும் வெளியே ஓடிவந்த கிங், கிட்டாரை உள்ளேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்ததும் எரிகிற கட்டடத்துக்குள் திரும்ப ஓடி அதை எடுத்து வந்தார். அந்தச் சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யவே கூடாது என்று தனக்குத்தானே நினைவூட்ட, அதன்பிறகு கைக்கு வந்த கிட்டாருக்கெல்லாம் அதே பெயர்தான்.

இவரைக் கேட்க ஓர் ஆல்பம் மட்டும் சொல் என்றால், 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் தியேட்டரில் பதிவான 'லைவ் அட் தி ரீகல்'. அதில் உரையாடல் மூன்று பேருக்குள் நடக்கிறது: குரல், கிட்டார், கூடவே கத்திக் கத்திப் பதில் சொல்லும் கூட்டம்.

இப்போது திரையைக் கவனியுங்கள். இதைக் காட்டத்தான் இந்த வீடியோவே.

(திரையில் 12 பார் கட்டங்கள்.)

ஏ கீயில் 12 பார் ப்ளூஸ். முதல் நான்கு பார் ஏ7 கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள். அடுத்து டி7 இரண்டு பார், ஏ7 இரண்டு பார். கடைசி நான்கில் ஈ7 ஒன்று, டி7 ஒன்று, ஏ7 ஒன்று, 12-வது பாரில் ஈ7 வந்து அடுத்த சுற்றுக்குத் திருப்பிவிடும். பாடலில் மூன்று வரி. முதல் வரியையே இரண்டாவது தடவையும் பாடி, மூன்றாவதில் விஷயத்தை முடிப்பார்கள். ஒரு வரிக்கு நான்கு பார். அதில் குரல் ஏறக்குறைய இரண்டு பாரில் முடிந்துவிடும், மிச்சம் கிட்டாருக்கு. ஆக, கிட்டார் பதில் சொல்லும் இடம் 3-4, 7-8, 11-12.

அந்த மூன்று இடத்துக்கும் மஞ்சள் அடிக்கிறேன். ஒவ்வொன்றும் எந்த கார்டில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். ஏ7. ஏ7. ஏ7!

கேள்வி ஒவ்வொரு தடவையும் வேறு கார்டில் தொடங்குகிறது: முதல் வரி ஏ7, இரண்டாவது டி7, மூன்றாவது ஈ7. பதில் மட்டும் எப்போதும் வீட்டு கார்டில்தான் ஆரம்பிக்கிறது. கார்ட் மாறும்போதெல்லாம் ஸ்கேல் மாற்ற வேண்டுமோ என்று பயந்து ப்ளூஸ் பக்கமே வராமல் இருப்பவர்கள் இந்த மஞ்சள் கட்டங்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ7-க்கு மேல் இரண்டு பார் அழகாகப் பேசத் தெரிந்தால் ஒரு முழுச் சுற்றுக்கும் பதில் சொல்லிவிடலாம். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், எப்படிப் பழகுவது? முதல் படியில் கேள்வியைக் கிட்டாரில் கேட்காதீர்கள், வாயால் பாடுங்கள். நல்ல குரல் தேவையே இல்லை, 'த-தா-த-தா' போதும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 பீட்டில் வையுங்கள். ஒரு பார் 3 வினாடி. இரண்டு பார் பாட 6 வினாடி, கிட்டாரில் பதில் சொல்ல 6 வினாடி. பாடும்போது மூச்சு வாங்க நிறுத்தித்தான் ஆக வேண்டும், அதனால் வாக்கியம் தானாக ஓர் இடத்தில் முடியும். விரலுக்கு மூச்சு வாங்காது. அது ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்த படியில் கேள்வியும் கிட்டாரில்தான். இரண்டுக்கும் ஒரு மாதிரி தருகிறேன், மெதுவாகக் கேளுங்கள். இரண்டாவது ஸ்ட்ரிங் எட்டாவது ஃப்ரெட், அதே ஸ்ட்ரிங் ஐந்தாவது, மூன்றாவது ஸ்ட்ரிங் ஏழாவது, திரும்ப இரண்டாவது ஸ்ட்ரிங் ஐந்தாவது ஃப்ரெட்டில் நிறுத்துங்கள்.

(வாசிக்கிறார்: ஜி, ஈ, டி, ஈ.)

ஈ-யில் நிற்கிறோம். ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி கேட்கிறதா? இதுதான் கேள்வி. பதிலுக்கு முதல் மூன்று நோட்டும் அதேதான், தாளமும் அதேதான். வாலை மட்டும் மாற்றுங்கள்: மூன்றாவது ஸ்ட்ரிங் ஐந்தாவது ஃப்ரெட்டை லேசாக, மிக லேசாக பென்ட் செய்துவிட்டு (கம்பியைத் தள்ளிச் சத்தத்தை ஏற்றுவது), நான்காவது ஸ்ட்ரிங் ஏழாவது ஃப்ரெட்டில் இறங்குங்கள்.

(வாசிக்கிறார்: ஜி, ஈ, டி, சி, ஏ.)

ரூட் நோட்டுக்கு, அதாவது ஏ-க்கு வந்துவிட்டோம், பேச்சு முடிந்தது. அந்த சின்ன பென்ட்டை விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் இருப்பது சி, ஏ7 கார்டுக்குள் இருப்பது சி ஷார்ப். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிற அந்தச் சத்தத்தில்தான் ப்ளூஸின் ருசியே இருக்கிறது. முழு அரை நோட்டும் ஏற்றிவிட்டால் அது போய்விடும்.

இரண்டாவது வரிக்கு அதே கேள்வியை அப்படியே கேளுங்கள். கீழே டி7 வந்துவிட்டதால் காதுக்கு அது புதுசாகவே இருக்கும். இந்தத் தடவை பதிலின் நோட்டுகளை வைத்துக்கொண்டு தாளத்தை மாற்றிப் பாருங்கள். அல்லது ஒரே ஒரு ஏ, அதை நீட்டி ஒரு வைப்ராடோ, அதாவது நோட்டை லேசாக அசைப்பது, அவ்வளவுதான். ஸ்லைட் (கம்பிமேல் வழுக்கும் குழாய்) போட்டு வாசிக்கும் சத்தத்தை வெறும் விரலால் கொண்டுவரப் பார்த்துத்தான் கிங் தன் வைப்ராடோவை உருவாக்கினார். ஒரே நோட்டில் பதிலை முடித்துவிட்டு நின்றுவிட அவரால் முடிந்தது.

லூப்பர் பெடல் இருந்தால் உங்கள் கேள்விகளை அதில் பதிவு செய்து ஓடவிடலாம். இல்லையென்றால் போன் ரெக்கார்டர் தாராளமாகப் போதும்.

இனி வருவது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். 1970-களின் நடுவில் ஆங்கிலேய கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாஃப்லின் 'சக்தி' என்ற குழுவைத் தொடங்கினார். எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, நம் விக்கு விநாயக்ராம் கடம். மெக்லாஃப்லின் வீணை கற்றுக்கொண்டவர். கம்பியை வீணையில் இழுப்பதுபோல் ஆழமாக இழுக்க முடிய வேண்டும் என்று, ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் நடுவில் மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரை வாசித்தார். 1975-ல் நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் மேடையில் பதிவானதுதான் அவர்களுடைய முதல் ஆல்பம். அதைக் கேட்டால் கிட்டாரும் வயலினும் மாறி மாறிப் பேசுவதும், பேச்சு வரவர நறுக்கென்று குறுகுவதும் தெளிவாகப் புரியும்.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது பழக்கமான விஷயம்: குறைப்பு. கற்பனை ஸ்வரத்தில் பாடகர் இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் இரண்டு முழுச் சுற்று) பாடுவார், வயலின் இரண்டு ஆவர்த்தனம் வாசிக்கும். பிறகு ஒன்றுக்கு ஒன்று, அரைக்கு அரை, காலுக்குக் கால், கடைசியில் இருவரும் சேர்ந்துகொள்வார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் இதையே செய்யும்.

இதை அப்படியே ப்ளூஸ் பயிற்சிக்குக் கொண்டுவாருங்கள். கணக்கு அச்சாகப் பொருந்தும்: ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் 8 அட்சரம், ப்ளூஸில் இரண்டு பார் 8 பீட். ஏ7 கார்டை மட்டும் ஓடவிட்டு, நண்பர் ஒருவரோடு உட்காருங்கள். நான்கு பார் அவர், நான்கு பார் நீங்கள். அடுத்து இரண்டு, அடுத்து ஒன்று, அடுத்து அரை. 80 பீட்டில் உங்கள் முறை 12 வினாடியிலிருந்து 6, 3, கடைசியில் ஒன்றரை வினாடிக்கு வந்து நிற்கும். விதி ஒன்றுதான்: அவர் எந்த நோட்டில் விட்டாரோ அங்கிருந்து நீங்கள் எடுக்க வேண்டும்.

ஒன்றரை வினாடியில் மூன்று நான்கு நோட்டுக்குமேல் இடம் இல்லை. மனப்பாடம் செய்த நீளமான லிக் (தயாராக வைத்திருக்கும் வாசிப்புத் துண்டு) எதுவும் அங்கே நுழையாது. எதிரே இருப்பவரைக் கேட்டே ஆக வேண்டும், கேட்காதவர் அடுத்த முறையே மாட்டிக்கொள்வார். 'தெரிந்தே ஆக வேண்டிய லிக்குகள்' என்று வருகிற வீடியோக்களைவிட இந்த ஒரு பயிற்சிக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன். வாரக் கடைசியில் ஒரு நண்பரைப் பிடித்து இதைச் செய்து பாருங்கள், எந்த இடத்தில் திணறினீர்கள் என்று கமென்ட்டில் எழுதுங்கள். நான் படிப்பேன்.

இப்போது கிட்டாரைக் கையில் எடுங்கள். டிராக் ஏ கீ, 80 பீட், ஒரு சுற்று 36 வினாடி. ஒன்று-இரண்டு நான், மூன்று-நான்கு நீங்கள், அதே முறையில் கடைசிவரை. உங்கள் இடம் வரும்போது டிரம்ஸும் பேஸும் மட்டும் ஓடும், திரையில் மஞ்சள் கட்டம் தெரியும்.

(ஒரு சுற்று. 3-4, 7-8, 11-12 பார்களில் கிட்டார் இல்லை.)

அடுத்த சுற்றில் இடம் மாறுகிறோம். கேள்வி உங்களுடையது, பதில் என்னுடையது. நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் இறங்கப்போவது ஏ7-ல் என்பதால் எதைக் கேட்டாலும் பொருந்தும். தைரியமாகக் கேளுங்கள். 12-வது பாரில் ஈ7 வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், டிராக் இன்னும் நான்கு சுற்று ஓடும். ரெடி? ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.