மேசையை மூலைக்கு நகர்த்துவோம்

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

நாளை காலை, நம் பிரிக்ஃபீல்ட்ஸில், இதே மண்டபத்தில் ரத்த தான முகாம். நான் பேச வந்தது ஊசி போடுவதற்கு முன்னால் உங்கள் கையில் கொடுக்கும் கேள்விப் படிவத்தைப் பற்றி.

"எடுத்த ரத்தத்தை எப்படியும் சோதிக்கிறார்களே, அப்புறம் எதற்கு இத்தனை கேள்வி?" என்று போன முறை ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, சிபிலிஸ் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பையையும் சோதிக்கிறார்கள். ஆனால் கிருமி உடம்புக்குள் போன முதல் நாட்களில் எந்தச் சோதனைக்கும் அது அகப்படாது. எச்.ஐ.வி.க்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடினால், அது தென்பட ஏறக்குறைய 3 வாரம் ஆகும். வைரஸின் மரபணுவையே தேடும் 'நாட்' சோதனை அதைச் சுமார் 10 நாளாகக் குறைத்திருக்கிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் அந்தப் 10 நாள் இருக்கிறதே! அப்போது ரத்தம் கொடுத்தால் முடிவு 'இல்லை' என்று வரும். கிருமி பைக்குள் இருக்கும். அந்த நாட்களைப் பற்றி அறிந்தவர் கொடுப்பவர் மட்டுமே.

ஒரு பை சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று மூன்றாகப் பிரிந்து மூன்று பேருக்குப் போகலாம். உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத பிறவி நோயான தலசீமியா உள்ள பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். சில வாரங்களுக்கு ஒரு முறை, வருடக்கணக்கில் ரத்தம் ஏற்றிக்கொள்கிறார்கள். முகம் தெரியாத எத்தனையோ பேர் அந்தப் படிவத்தில் உண்மையை எழுதியதால்தான் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது.

இன்னொன்று. 'எனக்கு நோய் இருக்கிறதா என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளலாமே' என்று ரத்தம் கொடுக்க வராதீர்கள். அரசாங்க கிளினிக்கில் எச்.ஐ.வி. சோதனை தனியாகவே செய்துகொள்ளலாம். தைப்பூசத்தில் அலகு குத்தியவர்களும், பச்சை குத்தியவர்களும், காது குத்தியவர்களும் தேதியோடு சொல்லுங்கள். அதில் பாவமும் இல்லை, வெட்கமும் இல்லை. கொஞ்ச காலம் பொறுத்து வரச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லுங்கள் என்று மேடையில் நின்று சொல்வது சுலபம். போன முறை படிவ மேசையைத் தேநீர் மேசைக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தோம். அப்பாவின் நண்பர்கள் சூழ்ந்து நிற்க, புதிதாக யாருடனாவது உடலுறவு உண்டா என்ற கேள்விக்கு ஒரு இளைஞன் எப்படி உண்மையைச் சொல்வான்? அது எங்கள் தவறு. நாளை அந்த மேசை மண்டபத்தின் பின்மூலையில், தடுப்புக்கு அப்பால் இருக்கும். யாராவது ரத்தம் கொடுக்காமல் திரும்பி வந்தால், ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம். அவருக்கும் ஒரு தேநீர் கொடுங்கள்.