சுண்டுவிரல் நுழையும் ஓட்டை: அடிபட்டுக் கிழிந்த உதரவிதானத்தை எப்படிச் சரிசெய்கிறார்கள்?

[காட்சி: இருட்டு. ஒரு கை மெல்ல மேலே வருகிறது. சுண்டுவிரல் நுனியில் மட்டும் வெளிச்சம்.]

வணக்கம். இந்தச் சுண்டுவிரல் நுனியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டுப் படைத்தலைவர் ஒருவர் குண்டடி பட்டு, பிழைத்து எழுந்துவிட்டார். எட்டு மாதம் கழித்துக் குடல் நெரிபட்டு இறந்துபோனார். உடலைத் திறந்து பார்த்தால், வயிற்றில் இருக்க வேண்டிய பெருங்குடல் நெஞ்சுக்குள் கிடக்கிறது. அது ஏறிப்போன வழி இவ்வளவுதான், சுண்டுவிரல் நுனி நுழைகிற ஓர் ஓட்டை. ஆம்ப்ருவாஸ் பாரே என்ற அறுவை மருத்துவர் 1579-ல் இதைப் பதிவு செய்தார்.

இவ்வளவு சின்ன ஓட்டை ஏன் தானாக மூடிக்கொள்ளவில்லை?

[காட்சி: உடலின் குறுக்குவெட்டுப் படம். குடை போல வளைந்த தசை மேலும் கீழும் அசைகிறது.]

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற இந்தத் தசைதான் உதரவிதானம். விரித்த குடை மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். மூச்சை இழுக்கும்போது தட்டையாகிக் கீழே இறங்கும், விடும்போது மேலே ஏறும். ஒரு நாளைக்கு இருபதாயிரம் தடவையாவது இது நடக்கிறது.

இதற்கு மேலே நெஞ்சில் அழுத்தம் குறைவு, கீழே வயிற்றில் அதிகம். சாதாரணமாக மூச்சு விடும்போதே இந்த வித்தியாசம் 7 முதல் 20 சென்டிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தம் வரை இருக்கும். முழு பலத்தோடு மூச்சை இழுத்தால் 100-ஐத் தாண்டும். கையில் பட்ட வெட்டு ஆறுவதற்குக் கையை அசைக்காமல் வைத்துக்கொள்ளலாம். உதரவிதானத்துக்கு ஏது ஓய்வு? ஒவ்வொரு மூச்சும் கீழே இருப்பதைக் கிழிசல் வழியாக மேலே உறிஞ்சுகிறது. முதலில் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரை கொஞ்சம் நுழையும். அப்புறம் இரைப்பை, பெருங்குடல், மண்ணீரல், சிறுகுடல்.

ஹெர்னியாவைத் தமிழில் குடலிறக்கம் என்கிறோம். இங்கே இறக்கம் இல்லை, ஏற்றம். ஊர்ப்பக்கம் 'குடலேற்றம்' என்று எண்ணெய் தடவி உருவி விடுவார்கள், அது வேறு. இதில் குடல் நிஜமாகவே நெஞ்சுக்கு ஏறியிருக்கிறது. வயிற்றைத் தடவி இதை இறக்க முடியாது. தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள்.

[காட்சி: பக்கவாட்டில் மோதப்படும் கார், அனிமேஷன். ரத்தம் காட்ட வேண்டாம்.]

கிழிவது இரண்டு விதம். வாகன விபத்திலோ உயரத்திலிருந்து விழும்போதோ வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று எகிறி, தசை வெடித்துக் கிழியும். பெரும்பாலும் இடது பக்கம்தான், ஏனென்றால் வலது பக்கம் கல்லீரல் மெத்தை மாதிரி தாங்கிக்கொள்கிறது. இந்தக் கிழிசல் 10 சென்டிமீட்டரைக்கூடத் தாண்டலாம். கத்திக்குத்தும் குண்டும் போடும் ஓட்டை ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். எனக்கு அதிகம் பயம் தருவது இந்தச் சின்ன ஓட்டைதான். முதல் நாள் அதில் எதுவும் நுழைந்திருக்காது, அதனால் யார் கண்ணிலும் படாது. இன்னொன்று, மூச்சை முழுக்க விடும்போது உதரவிதானம் மார்க்காம்பு மட்டம் வரை ஏறும். நெஞ்சில் குத்து என்று நினைப்போம், கத்தி முனை வயிற்றுக்குள் போயிருக்கும்.

[காட்சி: நெஞ்சு எக்ஸ்ரே. இடது பக்கம் ஒரு பெரிய காற்றுக் குமிழி.]

இந்த எக்ஸ்ரேயைப் பாருங்கள். இடது நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் காற்று தெரிகிறது. நுரையீரல் ஓட்டையாகிக் காற்று கசிந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அதற்கு வைத்தியம் நெஞ்சில் குழாய் போடுவது. ஆனால் அந்தக் காற்று இரைப்பைக்குள் இருக்கிற காற்றாக இருந்தால், குழாய் நேராக இரைப்பையைக் குத்திவிடும். அவசர சிகிச்சைப் பிரிவில் நடக்கக்கூடிய தவறுதான் இது. அதனால்தான் குழாய் போடுவதற்கு முன் அந்த வழியில் விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க ஓர் அழகான வழி உண்டு. மூக்கு வழியாக இரைப்பைக்கு டியூப் போட்டு மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். டியூப் கீழே இறங்கி, திரும்பி வளைந்து நெஞ்சுக்குள் போய்ச் சுருண்டு கிடந்தால், இரைப்பை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. சிடி ஸ்கேனில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஓட்டையில் மாட்டிய இடத்தில் இரைப்பை கழுத்துப்பட்டி போட்ட மாதிரி இறுகியிருக்கும். இடது பக்கக் கீழ் நெஞ்சில் குத்துப்பட்டவர் நன்றாகவே இருந்தாலும், சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு உள்ளே பார்ப்பது நல்லது. சிடி ஸ்கேனும் சின்ன ஓட்டையைத் தவறவிடும்.

வென்டிலேட்டரும் ஏமாற்றும். இயந்திரம் நெஞ்சுக்குள் காற்றைத் தள்ளுகிறவரை குடல் கீழேயே இருக்கும். வென்டிலேட்டரை எடுத்து, அவராக மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகு மேலே ஏறும்.

கிழிசல் முதலில் யார் கண்ணிலும் படாமல் தப்பிவிட்டால் மாதங்களோ வருடங்களோ ஓடும். சாப்பிட்டதும் மூச்சு வாங்கும், இடது தோள்பட்டை வலிக்கும், அசிடிட்டி என்று மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் குடல் நெரிபட்டு வாந்தியோடு வந்து நிற்பார். எப்போதோ நடந்த விபத்தை, பழைய கத்திக்குத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

[காட்சி: அறுவை அரங்கு விளக்கு. வரைபட அனிமேஷன்.]

சரி, இப்போது அறுவை சிகிச்சை. 1886-ல் ரியோல்ஃபி என்பவர் வெளியே பிதுங்கிய கொழுப்புத் திரையைச் சரிசெய்து, உதரவிதானக் கிழிசலைத் தைத்தார். 1888-ல் நௌமன் நெஞ்சுக்குள் ஏறிய இரைப்பையையே இறக்கினார்.

புதுக் காயம் என்றால் பொதுவாக வயிற்றின் நடுவில் நீளமாகத் திறப்பார்கள். மண்ணீரல், கல்லீரல், குடல் எதுவும் கூடவே அடிபட்டிருக்கலாம், ரத்தக் கசிவை நிறுத்துவதுதான் முதல் வேலை. அதற்குப் பிறகு மேலே ஏறியதை இறக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது. வீங்கிய இரைப்பையைப் பிடித்து இழுத்தால் கிழியும். டியூப் வழியாகக் காற்றை உறிஞ்சி எடுத்து, ஓட்டையின் விளிம்புக்கும் இரைப்பைக்கும் நடுவில் விரலையோ மெல்லிய ரப்பர் குழாயையோ நுழைத்தால், நெஞ்சுக்குள் 'உஸ்' என்று காற்று போகும். உறிஞ்சிப் பிடித்திருந்த பிடி தளரும், இரைப்பை தானாகவே இறங்கி வரும். அப்படியும் வராவிட்டால் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்குவார்கள். எந்தப் பக்கம் வெட்டுவது என்பதில் கவனம் வேண்டும். கழுத்திலிருந்து இறங்கி வருகிற நரம்பு அறுந்தால் அந்தப் பக்க உதரவிதானம் செயலிழந்துவிடும்.

இறங்கிய குடல் கறுத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டும். அதன் பின் நெஞ்சுக்கூட்டை வெதுவெதுப்பான உப்புநீரால் கழுவி, உணவுத் துணுக்கும் ரத்தக் கட்டியும் விடாமல் எடுத்து, நெஞ்சில் ஒரு குழாய் வைப்பார்கள். பிறகு கரையாத தடித்த நூலால் தையல். கரைகிற நூலை இங்கே நம்ப முடியாது, ஓயாமல் அசைகிற தசை இது. ஊசி போகும் இடத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலே இதயம் துடித்துக்கொண்டிருக்கும். அதனால் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தையலும் போடுவார்கள். தசை விலா எலும்பிலிருந்தே பிய்ந்திருந்தால் எலும்பைச் சுற்றியே நூலைக் கட்டுவார்கள்.

பழைய ஹெர்னியா என்றால் குடல் நுரையீரலோடு ஒட்டிப் போயிருக்கும். அதைப் பிரிக்கச் சில சமயம் நெஞ்சு வழியாகப் போவதே பாதுகாப்பு. சுருங்கிய விளிம்புகள் சேராதபோது செயற்கை வலை வைப்பார்கள். குடல் ஓட்டையாகி அழுக்குப் பட்ட இடத்தில் மட்டும் அதைத் தவிர்ப்பார்கள், கிருமி பிடித்துக்கொள்ளும். சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம். ஆனால் வயிற்றுக்குள் செலுத்தும் வாயு ஓட்டை வழியாக நெஞ்சுக்குப் போய் நுரையீரலையும் இதயத்தையும் அழுத்தக்கூடும், அதனால் மயக்க மருத்துவர் கண் கொட்டாமல் இருக்க வேண்டும்.

[காட்சி: வார்டு. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் கையில் மூன்று பந்துக் கருவி.]

மறுநாளே உட்கார வைத்து இந்தப் பந்துகளை உறிஞ்சி மேலே ஏற்றச் சொல்வார்கள். வலிக்கும். வலி மருந்து கேட்டு வாங்கிக்கொண்டாவது ஊதாமல் உறிஞ்ச வேண்டும், நசுங்கிக் கிடந்த நுரையீரல் அப்போதுதான் விரியும்.

[காட்சி: புதிய எக்ஸ்ரே. அம்புக்குறி மெல்ல நகர்கிறது.]

இது அறுவைக்குப் பிறகு எடுத்த படம். இடது நுரையீரல் விரிந்திருக்கிறது. இந்த வளைந்த கோடு உதரவிதானம். இரைப்பையின் காற்றுக் குமிழி கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது.